குருதிக்குள் ஒரு கணக்கு
(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



என்னை அழைக்க வந்த செயலாளர், "ஐயா, பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஏதாவது சொல்லுங்கள்; ஆனால் அவர்கள் நித்திரை கொள்ளாதபடி சொல்லுங்கள்" என்று ஒரு நிபந்தனையும் விதித்துச் சென்றார். முதற்பகுதியை நிறைவேற்ற முயல்வேன். இரண்டாவதற்கு நான் உத்தரவாதம் அளிக்க இயலாது. ஏனெனில் நான் பேச எடுத்துக்கொண்டது கணிதம்.

கணிதம் மட்டுமன்று, நம் உடலைக் காக்கும் நிர்ப்பீடன அமைப்பைக் கணிதத்தாலும் கணினியாலும் ஆராயும் முறையைப் பற்றியே பேச விரும்புகிறேன். நமது நாட்டிலே உயர்தர வகுப்புக்குச் செல்லும் பிள்ளை பதினாறு, பதினேழு வயதிலேயே ஒரு சந்தியில் வந்து நிற்கிறது. வைத்தியராக விரும்பும் பிள்ளை உயிரியற் பிரிவுக்குச் செல்கிறது. அன்று தொட்டு வகையீட்டுச் சமன்பாட்டுக்கும் அதற்கும் உறவில்லை. பொறியியலாளராக விரும்பும் பிள்ளை கணிதப் பிரிவுக்குச் செல்கிறது. அன்று தொட்டு குருதிக் கலத்துக்கும் அதற்கும் உறவில்லை. பெற்றோர்களாகிய நாமும், "வந்த துன்பம் ஒன்று குறைந்தது" என்று ஆறுதல் அடைகிறோம். இந்தப் பிரிவினையை அறியாத சிலர் அமெரிக்காவிலே செய்த ஒரு வேலையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் உடலின் சேனை எவ்வளவு பெரியது என்பதைச் சிறிது பார்ப்போம். வெளியிலிருந்து புகும் கிருமியைப் பிடிப்பதற்கு நமது குருதியில் பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்கள் உண்டு. ஒவ்வொரு கிருமிக்கும் அதற்குப் பொருந்திய பிறபொருளெதிரி வேண்டும். ஆனால் மனிதனிடம் புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000 தான். இந்தச் சிறு முதலை வைத்துக்கொண்டு, இதுவரை கண்டிராத கிருமிக்குங்கூட உடல் எவ்வாறு ஆயுதம் செய்கின்றது? இதற்கு விடை கண்டவர் யப்பானியரான சுசுமு தொனெகாவா. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 1976 ஆம் ஆண்டு அவர் சுண்டெலிகளைக் கொண்டு காட்டியது யாதெனில், பிறபொருளெதிரியின் பரம்பரையலகு முழுதாக இருப்பதில்லை. துண்டு துண்டாக இருந்து, ஒவ்வொரு கலத்திலும் வெவ்வேறு விதமாக ஒட்டப்படுகின்றது என்பதே. 1987 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மனிதரில் பாரமான சங்கிலிக்கு மூவகைத் துண்டுகள் உண்டு: முதல் வகையில் ஏறத்தாழ 40, இரண்டாவதில் 23, மூன்றாவதில் 6. மூன்றையும் பெருக்கினால் 5,520. இலேசான சங்கிலி இருவகைப்படும், ஒன்றில் ஏறத்தாழ 40 ஐ 5 ஆற் பெருக்க 200, மற்றதில் 30 ஐ 4 ஆற் பெருக்க 120, ஆக 320. பாரமானதும் இலேசானதும் சேர்ந்தே ஒரு பிறபொருளெதிரி ஆகுமாதலால், 5,520 ஐ 320 ஆற் பெருக்குங்கள். பதினேழு இலட்சத்துக்கு மேல் வருகின்றது. இத்துடன் நிற்கவில்லை. துண்டுகளை ஒட்டும்பொழுது ஒட்டிடத்தில் சில எழுத்துக்கள் நீங்கியும் சில புதிதாகச் சேர்ந்தும் விடுகின்றன. அதனையும் கூட்டினால் எண் கட்டுக்கடங்காமற் போய்விடும். 2019 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் பத்துப் பேரின் குருதியிலிருந்து மாத்திரம் ஏறத்தாழ 300 கோடிப் பிறபொருளெதிரித் தொடர்களை வாசித்தார்கள். அந்த 300 கோடியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இவரிடம் உள்ளது அவரிடம் உண்டோ என்று பார்ப்பது கண்ணாலும் கையாலும் ஆகிற காரியமா? அங்கே கணினி இல்லாமல் ஓர் அடியும் வைக்க முடியாது.

ஆயினும், கணினி என்றவுடன் பெரும் இயந்திரத்தையும் பெரும் எண்களையும் மட்டும் நினைத்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்த வரலாற்றின் சாரத்தை ஒரு கரும்பலகையில் எழுதிவிடலாம்.

எயிட்சு நோய் 1981 இல் முதன்முதல் விவரிக்கப்பட்டது. அதற்குக் காரணமான எச்.ஐ.வி. வைரசை 1983 இல் பரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் கண்டனர். இவ்வைரசு தாக்குவது வேறெதையுமன்று, நிர்ப்பீடனச் சேனைக்குக் கட்டளையிடும் சீ.டி. 4 என்னும் உதவிக் கலங்களையே. காவற்காரனையே திருடன் பிடித்துக்கொண்டால் வீட்டின் கதி என்ன? ஆனால் ஒரு விசித்திரம். வைரசு புகுந்த சில கிழமைகளின்பின் நோயாளி பெரும்பாலும் சுகமாகவே இருப்பார். மருந்தில்லாவிட்டாலும் பத்து ஆண்டுகள் வரை அவ்வாறு செல்லக்கூடும். குருதியில் வைரசின் அளவு மாதக்கணக்காகக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆகவே வைரசு அந்தக் காலமெல்லாம் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கின்றது என்றே பலரும் எண்ணினர்.

இவ்விடத்தில் உங்களை நம்மூர்க் கிணற்றடிக்கு அழைத்துச் செல்கிறேன். காலையில் எட்டிப் பார்க்கிறீர்கள். நீர் பன்னிரண்டு அடியில் நிற்கிறது. மாலையில் பார்க்கிறீர்கள், அதே பன்னிரண்டு அடி. என்ன முடிவு செய்வீர்கள்? ஒருவரும் இறைக்கவில்லை, ஊற்றும் சுரக்கவில்லை என்று சொல்லலாம். அல்லது, பகல் முழுவதும் நீரிறைக்கும் இயந்திரம் புகையிலைத் தோட்டத்துக்கு இறைத்துக்கொண்டே இருந்தது, ஊற்றும் அதே வேகத்தில் சுரந்துகொண்டே இருந்தது என்றும் சொல்லலாம். நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இவ்விரண்டும் ஒன்றே. எது உண்மையென அறிய ஒரே வழிதான் உண்டு: ஊற்றுக்கண்ணை அடைத்துவிட்டு, மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். இறங்கும் வேகமே இறைக்கும் வேகம். அடைப்பதற்கு முன் ஊற்றுச் சுரந்த வேகமும் அதுவே.

லொஸ் அலமோஸ் என்பது நியூ மெக்சிக்கோ மாநிலத்து மலைநாட்டில் உள்ள ஆய்வுநிலையம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அணுக்குண்டை ஆக்கிய இடம் அதுவே; ஹிரோஷிமாவை அழித்த கணக்கு அங்கேதான் போடப்பட்டது. அங்கே அணுவாயுதப் பௌதிகத்தில் ஈடுபட்டிருந்த ஜோர்ஜ் பெல் என்பவர் 1970 அளவில் பிறபொருளெதிரிகளின் கணிதத்தில் மனத்தைச் செலுத்தி, பின்னர் உயிரியலைக் கணிதத்தால் ஆராயும் ஒரு குழுவையே அங்கு அமைத்தார். ஒரே கட்டடத்தில் ஒரே மனிதர் எண்களை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பது எவ்வளவு மாறிவிடுகிறது, பாருங்கள்! அக்குழுவில் வந்து சேர்ந்தவர் அலன் பெரெல்சன். நியூயோர்க்கிலே எயிட்சு ஆராய்ச்சி செய்த வைத்தியர் டேவிட் ஹோ. வைத்தியரிடம் நோயாளரும் புதிய மருந்தும் இருந்தன; கணிதரிடம் சமன்பாடு இருந்தது.

அந்த மருந்து, றிற்றொனவீர் எனப்படுவது, வைரசின் ஒரு நொதியத்தைத் தடுத்துப் புதிதாகப் பிறக்கும் வைரசைப் பயனற்றதாக்குவது. நமது உவமையிலே ஊற்றுக்கண்ணை அடைக்கும் கல் அதுதான். இருபது நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1995 சனவரியில் "நேச்சர்" சஞ்சிகையில் முடிவு வெளியாயிற்று. ஜோர்ஜ் ஷோ தலைமையில் அலபாமாவில் இருந்த வேறொரு குழுவினரும் அதே இதழில் அதே முடிவைக் கூறினர். ஏறத்தாழ இரண்டு நாளுக்கொருமுறை வைரசின் அளவு பாதியாகக் குறைந்து சென்றது! அப்படியாயின் மருந்துக்கு முந்திய அந்த "அமைதியான" ஆண்டுகளில் நடந்தது உறக்கமன்று. உடல் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான வைரசை அழித்தது. அழிக்க அழிக்க அதே அளவில் புதியன பிறந்தன. பத்து ஆண்டுகள் இடைவிடாத போர் நடந்திருக்கிறது. வெளியில் தெரிந்ததோ அசையாத நீர்மட்டம்.

அடுத்த ஆண்டு, 1996 இல், கணக்கை மேலும் நுணுக்கமாகச் செய்தார்கள். ஐந்து நோயாளர், மருந்து கொடுத்தபின் முதல் ஆறு மணி நேரம் இரண்டு மணிக்கொருமுறையும், இரண்டாம் நாள் முடியும்வரை ஆறு மணிக்கொருமுறையும், பின் ஏழாம் நாள்வரை நாளுக்கொருமுறையும் குருதி எடுக்கப்பட்டது. ஏன் இவ்வளவு தொல்லை? சமன்பாடு கேட்டது அதைத்தான். முன்னமே தொற்றிய கலங்கள் மருந்துக்குப் பின்னும் சிறிது காலம் வைரசைச் சுரந்துகொண்டிருக்கும். ஆகையால் கோடு உடனே விழாது, ஒரு சிறு தோள் போல வளைந்து பின்னரே சரியும். அந்தத் தோளின் வளைவிலே வைரசின் ஆயுளும், பின்வரும் சரிவிலே தொற்றிய கலத்தின் ஆயுளும் மறைந்து கிடக்கின்றன. கணினி அந்த வளைவுக்குச் சமன்பாட்டைப் பொருத்திப் பிரித்தெடுத்தது: வைரசின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஆறு மணி, தொற்றிய கலத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஒன்றரை நாள், ஒருவர் உடலில் ஒரு நாளிற் பிறக்கும் வைரசு ஏறத்தாழ ஆயிரம் கோடி. வைரசு நீங்கும் வேகம் இதனினும் அதிகம் என்று 1999 இல் வேறொரு முறையால் கண்டனர். ஆகவே ஆயிரம் கோடி என்பது குறைந்த மதிப்பே.

இந்த எண்ணால் நோயாளிக்கு என்ன இலாபம் என்று பின்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்பது போல் அவர் முகத்திலே தெரிகிறது. சொல்லுகிறேன். இதுதான் உயிரோடு சம்பந்தப்பட்ட பகுதி.

இவ்வைரசின் பரம்பரைச் செய்தி ஏறத்தாழ 10,000 எழுத்துக்கள் கொண்டது. அதைப் பிரதி செய்யும் நொதியம் கவனமில்லாத எழுதுவினைஞர் போன்றது. ஏறத்தாழ 30,000 எழுத்துக்கு ஒரு பிழை விடும். ஓர் எழுத்து வேறு மூன்று எழுத்துக்களில் ஏதாவது ஒன்றாக மாறலாம். ஆகவே ஒரு குறித்த இடத்தில் ஒரு குறித்த விகாரம் தோன்றுவது ஏறக்குறைய ஓர் இலட்சத்தில் ஒரு முறை. மிக அரிது என்று தோன்றுகிறதல்லவா? ஆயிரம் கோடியை ஓர் இலட்சத்தால் வகுங்கள். ஓர் இலட்சம்! ஒரு மருந்தை வெல்லக்கூடிய விகாரம் ஒருவர் உடலில் நாளொன்றுக்கு ஓர் இலட்சம் முறை தோன்றுகிறது; மருந்து வாயில் விழுமுன்னரே அதற்கெதிரான வைரசு பிறந்துவிட்டது. 1987 இல் வந்த முதல் மருந்தாகிய ஏ.சீ.ற்றீ. தனியே கொடுக்கப்பட்டபோது சில காலம் உதவி, பின் கைவிட்டதன் மருமம் இதுவே. வைத்தியர்மீதும் பிழையில்லை, நோயாளிமீதும் பிழையில்லை, எண் அப்படி.

இரண்டு மருந்து கொடுத்தால், இரண்டு விகாரமும் ஒரே பிரதியில் தோன்ற வேண்டும்: நாளைக்கு ஒரு முறை. மூன்று கொடுத்தால்? ஓர் இலட்சம் நாளைக்கு ஒரு முறை, அதாவது ஏறத்தாழ 270 ஆண்டுக்கு ஒரு முறை. இது தடித்த கணக்கு. பிறக்கும் வைரசு அனைத்தும் கலத்தில் தொற்றுவதில்லை. சில மருந்தை வெல்ல ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றம் வேண்டும். ஆயினும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் உள்ள பள்ளத்தைக் காட்ட இது போதும். 1996 ஆம் ஆண்டு மும்மருந்துச் சிகிச்சை பரவத் தொடங்கியது. அமெரிக்காவில் எயிட்சினால் நேர்ந்த மரணம் 1997 இல் முந்திய ஆண்டிலும் 47 வீதம் குறைந்தது. ஓராண்டில்!

இவ்விடத்தில் ஒரு சொந்தக் காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் நாலு குடும்பத்துக்குப் பங்குக் கிணறு ஒன்று உண்டு. பங்காளர் ஒருவருக்கு இந்நோய் உண்டென்று எவ்வாறோ வெளியில் தெரிந்துவிட்டது. அடுத்த நாளே, "நீ வாளியைத் தொடாதே" என்றார்கள். தண்ணீரால் இது தொற்றாது என்பது எனக்கு அன்றே தெரியும். படித்தவன் நான் ஒருவன் அங்கே நின்றேன். நான் வாய் திறக்கவில்லை. அவர் மனைவி ஒரு வருடத்துக்கு மேலாகத் தெருக்குழாயிலிருந்து குடத்தில் நீர் சுமந்தாள். நான் இந்தக் கணக்கைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அறிவுப் பசியினால் அன்று, அந்த வெட்கத்தினால். அவர் இன்றும் இருக்கிறார். இலங்கையில் இம்மருந்து அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அவர் குருதியிலே வைரசு பரிசோதனைக்கு அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்நிலையில் உள்ளவரிடமிருந்து வாழ்க்கைத் துணைக்குங்கூட நோய் தொற்றவில்லை என்பதை ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2016 இலும் 2019 இலும் வெளியான பெரும் ஆராய்ச்சிகள் காட்டின; ஆராய்ந்த தம்பதிகளிடையே அவ்விதம் தொற்றியது ஒன்றேனும் இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு இது தொற்றுவதை ஒழித்த நாடென்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சான்று வழங்கியது. வாளியைத் தொடாதே என்றவர்கள் இதையெல்லாம் அறியார்கள், அறிந்தவன் சொல்லவில்லை.

இனி, கணக்குத் தவறிய கதை. நான் வெற்றியை மட்டும் சொல்லிச் சென்றால் அது விளம்பரமாகிவிடும்.

1997 மே மாதத்தில் பெரெல்சனும் ஹோவும் அவர்கள் தோழர்களும் மறுபடி ஒரு கட்டுரை எழுதினர். மும்மருந்து கொடுத்தபின் வைரசு முதலில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் குறைவதைக் கண்டு, இரண்டாவது சரிவின் வேகத்தைக் கணித்து, மருந்து முற்றாகத் தடுக்குமாயின், வேறு மறைவிடம் எதுவும் இல்லையாயின், ஏறத்தாழ இரண்டேகாலிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் உடலிலிருந்து வைரசை முற்றாக நீக்கிவிடலாம் என்றனர். உலகம் மகிழ்ந்தது. "இல்லையாயின்" என்ற சொல்லைப் பலர் வாசிக்கவில்லை. அந்த ஆண்டு முடியுமுன்னரே, நவம்பரில், மூன்று குழுக்கள் அந்த மறைவிடத்தைக் காட்டின. ஞாபகக் கலங்கள் என்று சில உண்டு. முன்னர் வந்த கிருமியை நினைவில் வைத்துப் பல்லாண்டு உறங்கிக் கிடப்பது அவற்றின் தொழில். அம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராமைக்குக் காரணமான கலங்களுள் அவையும் சேர்ந்தவை. அக்கலங்களின் பரம்பரைச் செய்திக்குள்ளேயே வைரசு தன்னை எழுதி வைத்துவிட்டு அவற்றோடு உறங்குகிறது. உறங்கும் வைரசை எந்த மருந்தும் தொடாது. ரொபேட் சிலிசியானோவின் குழுவினர் பல ஆண்டுகள் அளந்து, இவ்வுறக்கக் கலங்களின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 44 மாதம் என்று 2003 இல் எழுதினர். அதன்படி முழுவதும் அழிய வேண்டிய காலம் 73 ஆண்டு. மூன்று எங்கே, எழுபத்துமூன்று எங்கே!

இதைக் கேட்டுக் கணிதத்தை இகழ்வோரும் உண்டு. என் கருத்து அவ்வாறன்று. வகுத்தலிலும் பெருக்கலிலும் பிழையில்லை; கிணற்றுக்கு இன்னொரு ஊற்றுக்கண் இருந்தது, அவ்வளவுதான். அது உண்டோ என்று தேடும்படி விரலை நீட்டிக் காட்டியதும் அதே கட்டுரை. தவறக்கூடிய இடத்தை முன்கூட்டியே சொல்லிவைத்துப் பேசுவது நமது மேடைகளில் அரிதாகவே காணப்படுகிறது.

அதே முறை இன்னொரு நோயில் முழுப் பயனைத் தந்தது. ஈரலை அழிக்கும் ஹெப்பற்றைற்றிஸ் சீ வைரசை 1998 இல் நியூமன், பெரெல்சன் முதலியோர் இவ்வாறே அளந்தனர். அங்கே நாளொன்றுக்கு ஓர் இலட்சம் கோடி வைரசு பிறக்கின்றது; அரைவாழ்வு மூன்று மணியளவே. எச்.ஐ.வி.யிலும் வேகமான எதிரி. ஆனால் அது கலத்தின் பரம்பரைச் செய்தியில் தன்னை எழுதி வைப்பதில்லை. உறங்கும் மறைவிடம் அதற்கில்லை. 2013 முதல் வந்த புதிய மருந்துகளால் பன்னிரண்டு கிழமையளவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முற்றாகக் குணமாகின்றனர்.

கணினியால் புரதத்தின் உருவத்தை முன்கூட்டியே சொல்லும் முறைக்கும் புதிய புரதங்களை வடிவமைக்கும் முறைக்கும் 2024 இல் இரசாயன நோபல் பரிசு கிடைத்ததைப் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். அவ்வாறு கணினியில் வரைந்த புரதத்தின்மேல் கொரோனா வைரசின் ஒரு துண்டை ஏற்றி ஆக்கிய தடுப்பு மருந்து 2022 இல் தென்கொரியாவில் அனுமதி பெற்றது. இவை பெரிய விடயங்கள், தனிக்கூட்டம் வேண்டும். நேரமும் ஆகிவிட்டது, தலைவர் இரண்டு முறை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார்.

முதியவர் ஒருவர் கூட்டத்துக்கு முன் என்னிடம், "தம்பி, இதைக் கண்டது இயந்திரமா, மனிதனா?" என்று கேட்டார். வளைவைப் பொருத்தியது இயந்திரம். இரண்டு மணிக்கொருமுறை ஊசி குத்தக் கை நீட்டியவர்கள் அந்த ஐந்து நோயாளர். மட்டம் அசையவில்லையே என்று நாம் விட்டுவிடும் இடத்தில், ஊற்றை அடைத்துப் பார் என்று கேட்டவன் மனிதன்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆறு மணி அரைவாழ்வும் ஒன்றரை நாள் அரைவாழ்வும் கொண்ட அந்த வளைவை மடக்கைத் தாளில் கீறிக் கொண்டு வந்திருக்கிறேன். தோள் எங்கே வளைகிறது, சரிவு எங்கே தொடங்குகிறது என்று அளவுகோலை வைத்தே காட்டலாம். உயிரியற் பிரிவுப் பிள்ளைகளும் வாருங்கள். மடக்கை மட்டும் தெரிந்தாற் போதும். தேநீருக்குப்பின் அந்த மூலை மேசையில் இருப்பேன்.